உஷார்! வேன் படுக்கையில் எல்.இ.டி. விளக்கு மாட்டப் போகிறீர்களா?

போன மார்கழி. திருப்பதி போய்விட்டு இரவோடு இரவாகக் காஞ்சிபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம். திருத்தணி தாண்டியதும் பின் படுக்கையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: “ஏதோ ரெக்சின் கருகுற வாசனை வருதுப்பா, வண்டிய ஓரங்கட்டு!” தலைமாட்டு விளக்கைக் கழற்றினோம். அதன் பின்னால் இருந்த ஃபோம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. ஒரு சாண் தள்ளி, குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அது பழைய பல்பு இல்லை. “கரண்டே இழுக்காது, சுடவே சுடாது” என்று சொல்லிப் பத்து நாள் முன்பு மாட்டிய எல்.இ.டி. ஸ்ட்ரிப்!

சபரிமலை, மேல்மருவத்தூர் சீசன் வந்தால் காஞ்சிபுரம் முழுக்க வெளியூர் வேன்கள்தான். ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் வரதரையும் சேவித்துவிட்டு, புடவை எடுத்துக்கொண்டு, வண்டியிலேயே படுத்துறங்கும் குடும்பங்கள் ஏராளம். இப்போது படுக்கை போட்ட கேரவன்களும் வருகின்றன. சீசனுக்கு முன் எல்லோரும் செய்யும் வேலை, படுக்கை விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றுவது.

மாற்றுவது சரிதான். 10 வாட் ஹாலஜன் ஆறு எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் போகும். 2 வாட் எல்.இ.டி. ஆறுக்கு 1 ஆம்பியர் போதும். இரவு முழுக்கப் படித்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால், ‘வாட் குறைந்ததால் ஆபத்தும் குறைந்தது’ என்று நினைக்கிறோமே, அங்கேதான் ஆபத்து. தீ வைப்பது விளக்கின் வாட் மட்டுமல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் பேட்டரியும் வயரும்.

வீட்டு ஸ்ட்ரிப் வண்டிக்கு ஆகாது

‘12 வோல்ட்’ என்று எழுதியிருந்தாலும், ஓடும் வண்டியில் இருப்பது 12 வோல்ட் அல்ல, ஆல்டர்னேட்டர் 14.4 வரை ஏற்றும். சாதாரண ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.யும் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கும். எல்.இ.டி.கள் சுமார் 9.5 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 2.5 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 14.4 வந்தால் அந்த மீதி கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கரண்டும் அதே போக்கில் எகிறும். வெளிச்சம் கொஞ்சம் கூடியதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். சூடு முன்பக்கம் வராது, முதுகுப் பக்கம் இறங்கும். அங்கே இருப்பது ஃபோமும் ரெக்சினும்!

ஷாக் அடிக்காது, ஆனால் எரிக்கும்

12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் யாரும் பயப்படுவதில்லை. 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பழைய பல்புகளுக்குப் போட்ட 15 ஆம்பியர் ஃபியூஸை அப்படியே விட்டுவிட்டு, நூல் மாதிரி வயரில் எல்.இ.டி.யை மாட்டினால், ஃபியூஸ் போகும் முன்பே வயர் உருகிவிடும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, விளக்கை அல்ல.

முறுக்கி ஒட்டிய இணைப்பு

எங்கள் ஊர்த் தறியில் பழைய பாவோடு புதுப் பாவை விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். பட்டில் அது நிற்கும். குலுங்கும் வண்டியின் செம்புக் கம்பியில் நிற்காது. டேப்பின் பசை வெயிலில் இளகும், முறுக்கு தளரும், தளர்ந்த இடம் சுடும். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் நுழைத்த வயரும் நாளாக ஆக உரசித் தோலுரியும்.

இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்:

• ‘10–30 வோல்ட்’ என்று குறித்த, கரண்டைச் சீராக வைக்கும் ‘டிரைவர்’ சர்க்யூட் உள்ளேயே உள்ள வாகன விளக்கையே கேட்டு வாங்குங்கள். பெரிய பேருந்துகள் 24 வோல்ட்; 12 வோல்ட் விளக்கை அதில் மாட்டவே கூடாது.

• படுக்கை விளக்குகளுக்குத் தனி ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. ஆறு விளக்குக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும்.

• இணைப்புகளை கிரிம்ப் செய்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். விளக்கை ஃபோமில் ஒட்டாமல், அலுமினியத் தகட்டின் மேல் மாட்டுங்கள்.

• புடவைப் பெட்டி, தலையணை, திரைச்சீலை எதுவும் விளக்கை மூடக் கூடாது. பழைய ஹாலஜன் இருந்தால் இன்னும் கவனம்; அது கையைப் பொசுக்கும்.

• பவுடர் தீயணைப்பானும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். கருகும் வாசனை வந்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள், பிறகு கட்-ஆஃப், உடனே 101 அல்லது 112.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த யாத்திரைப் பெட்டி எரிந்து 9 பேர் உயிரிழந்தார்கள். காரணம் விளக்கல்ல, விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர். ஆனாலும், ஆட்கள் இருக்கும் ஒரு குறுகிய பெட்டியில் தீ எத்தனை வேகமாகப் பரவும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வேனில் சிலிண்டரும் ஸ்டவ்வும் கூடவே வருமென்றால், ஒரு தளர்ந்த வயரின் பொறி போதும்.

இன்றைக்கே ஒரு சோதனை: எஞ்சினை ஓடவிட்டு, எல்லாப் படுக்கை விளக்கையும் அரை மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் அன்றே கழற்றிவிடுங்கள். அத்தை அன்று விழித்திருந்தார். எல்லா வண்டியிலும் ஓர் அத்தை விழித்திருப்பார் என்று நம்பிப் பயணம் கிளம்பாதீர்கள்.