பொழுதுபோக்காக பிட்காயின் மைனிங்: கரண்ட் பில்லுக்குக் கட்டுபடியாகுமா?

"மச்சி, மெஷினை ஆன் பண்ணி வெச்சுட்டுத் தூங்கிடலாம். காலையில எழுந்தா காயின் இருக்கும்."

பிட்காயின் விலை ஏறும்போதெல்லாம் அலுவலக கேன்டீனிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் இந்த ரகப் பேச்சு தலைதூக்கும். விலை இறங்கினால் குரூப் அமைதியாகிவிடும். ஆனாலும் கம்ப்யூட்டரில் ஆர்வம் உள்ள இளைஞர்கள் பலருக்கு, "சும்மா ஒரு ஹாபியா செஞ்சு பார்த்தா என்ன?" என்ற கேள்வி மட்டும் மனதின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. செய்யலாம்தான். ஆனால், செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

மைனிங்கில் என்ன நடக்கிறது?

பிட்காயின் என்பது அடிப்படையில் ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். யார், யாருக்கு, எவ்வளவு அனுப்பினார்கள் என்ற விவரம் சுமார் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு 'பிளாக்' ஆக அதில் ஏறுகிறது. அந்தப் பிளாக்கை எழுதும் உரிமைக்கான போட்டிதான் மைனிங்.

'சிக்கலான கணிதப் புதிரைத் தீர்ப்பது' என்று இதைச் சொல்வது வழக்கம். உண்மையில் அவ்வளவு புத்திசாலித்தனம் எதுவும் இதில் இல்லை. சூட்கேஸின் நம்பர் பூட்டை 000, 001, 002 என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பது போன்ற வேலை இது. உலகம் முழுவதும் உள்ள மெஷின்கள் ஒரே நேரத்தில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கின்றன. யாருக்கு முதலில் பூட்டு திறக்கிறதோ, அவருக்குப் பரிசு. 2009-ல் பிட்காயின் தொடங்கியபோது ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின் கிடைத்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது பாதியாகும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு 3.125 பிட்காயின்தான்.

ஆரம்ப நாட்களில் சாதாரண கம்ப்யூட்டரே போதுமானதாக இருந்தது. பிறகு கிராபிக்ஸ் கார்டு வந்தது. அதன்பின், இந்த ஒரு வேலைக்காகவே வடிவமைக்கப்பட்ட 'ஏசிக்' மெஷின்கள் வந்து மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டன. கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்குக் கடைசிப் புகலிடமாக இருந்தது எத்தீரியம். அதுவும் 2022 செப்டம்பரில் மைனிங் முறையையே கைவிட்டது. யூடியூபில் இப்போதும் உலவும் 'கேமிங் பிசியில் மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்' வீடியோக்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தவை. பார்ப்பதற்கு முன் தேதியைக் கவனிப்பது உத்தமம்.

ஒரு மெஷின், ஒரு நாள் கணக்கு

ஆண்ட்மைனர் எஸ்21 என்ற மெஷினை எடுத்துக்கொண்டால், அது விநாடிக்கு 200 டெராஹாஷ், அதாவது 200 லட்சம் கோடி முயற்சிகளைச் செய்யும். கேட்பதற்குப் பிரமாண்டம்தான். ஆனால், உலகின் மொத்த பிட்காயின் மெஷின்களின் திறன் 2025-ல் சுமார் 10 லட்சம் டெராஹாஷைப் போல ஆயிரம் மடங்கு, அதாவது ஒரு 'ஸெட்டாஹாஷ்' என்ற அளவைத் தொட்டுவிட்டது. அதில் இந்த ஒரு மெஷினின் பங்கு 50 லட்சத்தில் ஒன்று.

ஒரு நாளில் புதிதாக உருவாகும் 450 பிட்காயினில் இந்தப் பங்கைக் கணக்கிட்டால் 0.00009 பிட்காயின் வருகிறது. ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 720 ரூபாய். "பரவாயில்லையே" என்று தோன்றும். அடுத்த வரிதான் இடிக்கும்.

அந்த மெஷின் இழுக்கும் மின்சாரம் 3,500 வாட். 24 மணி நேரத்துக்கு 84 யூனிட். தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் இது மட்டுமே 5,000 யூனிட்டைத் தாண்டும். 1,000 யூனிட்டுக்கு மேல் வீட்டு மின்கட்டணமே யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கும் அதிகம். சராசரியாக 10 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் ஒரு நாளைக்கு 840 ரூபாய். ஆக, தினமும் 120 ரூபாய் கைநஷ்டம். இதில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெஷினின் விலை சேரவில்லை.

இன்னொன்று, இழுத்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசியின் முழுக் குளிர்ச்சியும் இந்த ஒரு மெஷினின் சூட்டைத் தணிக்கவே சரியாகப் போய்விடும். சத்தமோ, அறைக்குள் மிக்ஸியை நிறுத்தாமல் ஓடவிட்டது போல இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் ஒரு நாள் பொறுப்பார்கள், இரண்டு நாள் பொறுப்பார்கள்!

இதனால்தான் ஹாபி மைனர்கள் வேறு பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 'பிட்ஆக்ஸ்' என்ற கையடக்கக் கருவி அதற்கு உதாரணம். அதன் வரைபடம், மென்பொருள் எல்லாமே ஓப்பன் சோர்ஸ். 'காமா' மாடல் சுமார் 1.2 டெராஹாஷ் திறன் கொண்டது. ஒரு எல்இடி பல்பு அளவுக்கான மின்சாரமே போதும். மாதம் ஏறக்குறைய 12 யூனிட்தான். இதை வைத்துத் தனி ஆளாகப் போட்டியிட்டால் முழுப் பரிசும் ஒருவருக்கே. ஆனால், மேலே சொன்ன அதே கணக்குப்படி, ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 15,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சிறு கருவிகளுக்கு அதிர்ஷ்டம் அடித்த சம்பவங்கள் இல்லாமல் இல்லை. எனினும் இது லாட்டரி டிக்கெட்தான். சிப் எப்படி வேலை செய்கிறது, நெட்வொர்க் எப்படிப் பேசிக்கொள்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு, கொடுத்த காசுக்கு இது மோசமில்லை. சம்பாதிக்க வாங்குபவருக்கு மோசம்.

அப்போ டிரேடிங்?

தொடங்குவது எளிது. பான், ஆதார் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் கணக்கு திறந்து, 500 ரூபாய்க்குக்கூட வாங்கலாம். முழு பிட்காயின் வாங்கத் தேவையில்லை. இந்தியாவில் கிரிப்டோ தடை செய்யப்படவில்லை. வங்கிகள் இதற்குச் சேவை தரக்கூடாது என்று 2018-ல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதேசமயம், இது ரூபாயைப் போல் சட்டபூர்வ பணமும் அல்ல.

பலரும் மாட்டிக்கொள்வது வரியில்தான். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வருமானம் குறைவு என்பதெல்லாம் எடுபடாது. ஒரு காயினில் ஏற்பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஒருவருக்கு ஒரு காயினில் 20,000 ரூபாய் லாபம், மற்றொன்றில் 20,000 ரூபாய் நஷ்டம் என்றால், கையில் மிஞ்சியது பூஜ்யம். ஆனால், வரி 6,240 ரூபாய்! பங்குச் சந்தைப் பழக்கத்தில் வருபவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

மைனிங் செய்தவருக்கும் சலுகை இல்லை. மெஷின், மின்சாரம் போன்ற செலவுகளைக் கழிக்க முடியாது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே தெளிவுபடுத்திவிட்டது.

இதுபோக, ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீத டிடிஎஸ். ஒரு சதவீதம்தானே என்று நினைத்தால், 10,000 ரூபாயை வைத்து 50 முறை வாங்கி விற்றுப் பார்க்க வேண்டும். விலை துளிகூட மாறாவிட்டாலும் கையில் இருப்பது சுமார் 6,050 ரூபாய்தான். வருமான வரிக் கணக்கில் இதைச் சரிசெய்துகொள்ளலாம். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. தினமும் வாங்கி விற்கும் ஆசை இருப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

காயின் யாரிடம் இருக்கிறது?

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் தெரியும் காயின், வாங்கியவரின் கையில் இருப்பதாக அர்த்தம் இல்லை. சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. வடகொரிய ஹேக்கர்களின் கைவரிசை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகியவை பின்னர் கூட்டாகக் கூறின. திருடுபோன வகை காயின்களை வைத்திராத வாடிக்கையாளர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படிப் பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில்தான், கிரிப்டோ கரன்சி ஒரு 'சொத்து' என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது.

பெரிய தொகை சேர்ந்தால் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்வது ஒரு வழி. அப்போது வாலட் தரும் 12 அல்லது 24 சொற்கள்தான் சாவி. அதைத் தாளில் எழுதி பத்திரப்படுத்த வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து போன் கேலரியில் வைப்பது, வீட்டுச் சாவியை வாசல் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. தாள் தொலைந்தால், ஓடிபி கேட்டு மீட்டுத் தர கஸ்டமர் கேர் எதுவும் கிடையாது.

தினமும் 4,000 ரூபாய் தருகிறேன் என்றால்?

'மெஷின் எங்களிடம் இருக்கிறது, நீங்கள் பணம் மட்டும் போடுங்கள்' என்று வரும் கிளவுட் மைனிங் ஆப்களிடம் கூடுதல் கவனம் தேவை. எச்பிஇசட் டோக்கன் என்ற ஆப், 57,000 ரூபாய் போட்டால் 3 மாதங்களுக்குத் தினமும் 4,000 ரூபாய் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. ஒரே ஒரு முறை மட்டும் பணம் கொடுத்துவிட்டு, மேலும் மேலும் கேட்டதாக அமலாக்கத் துறை தெரிவித்தது. லட்சங்களில் விலையுள்ள நிஜ மெஷினே, கரண்ட் செலவு போக, மேலே போட்ட கணக்கில் நஷ்டத்தில் நிற்கிறது.

அப்படி ஏமாந்துவிட்டால், குரூப் அட்மினிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பரிவர்த்தனை எண், பணம் அனுப்பிய யுபிஐ ஐடி, சாட் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை வேகமாக நடக்கும். பணம் இன்னும் வங்கிக் கணக்கில் இருந்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. காயினாக மாறி வெளியே போய்விட்டால் பிடிப்பது கடினம்.