ஆடை களைந்த அவையும் ஒழுகலாறும்

மக்கள் ஆடை களைந்து ஒருங்கு கூடுமிடத்து உயர்வு தாழ்வு ஒழியும் என்பர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைச் சப்பானியப் பொதுக் குளிப்பகங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தோக்கியோ மாநகர் 1868 வரை எதோ எனப் பெயர் பெற்றிருந்தது. அந்நகரத்துப் பொதுமக்கள் வீடுகளுள் பெரும்பாலானவற்றில் குளியலறை இல்லை. தீப்பற்றும் என்ற அச்சமும் விறகின் அருமையும் இதற்குக் காரணங்களாம். ஆதலின் வணிகரும் கைவினைஞரும் ஏவலரும் தெருவிலிருந்த வெந்நீர்க் குளிப்பகங்களையே நாடினர். பல குளிப்பகங்களில் ஆடவரும் மகளிரும் ஒரே தொட்டியில் நீராடினர். 1791-இல் அரசு இதனைத் தடுத்து ஆணையிட்டது. எனினும் வழக்கம் முற்றும் ஒழிந்திலது.

இக்குளிப்பக வாழ்வை 1809 முதல் 1813 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த 'உக்கியோபுரோ' என்னும் நகைச்சுவை நூல் காட்டுகிறது. இதன் ஆசிரியர் சிக்கித்தெய் சன்பா. நீராட வருவோர் அறிஞராயினும் பேதையராயினும், செல்வராயினும் வறியராயினும், ஆடையின்றி நிற்றல் இயற்கை என்பது அவர் முன்னுரையின் கருத்து. ஆனால் நூலின் உள்ளே நாம் காண்பது வேறு. முதலாம், நான்காம் பகுதிகள் ஆடவர் குளிப்பகத்திற்கும், இடையிரண்டும் மகளிர் குளிப்பகத்திற்கும் உரியன. மாந்தரின் ஊர், குலம், தொழில், அகவை ஆகியவற்றை அவர்தம் பேச்சே புலப்படுத்துகிறது. கமிகத்தா நாட்டு மகள் ஒருத்தியும் எதோ மகள் ஒருத்தியும் தத்தம் வட்டார வழக்கே சிறந்ததென வாதிடுகின்றனர். உடை நீங்கிய இடத்தில் மொழியே உடையாயிற்று எனலாம்.

ஒழுகலாறும் அத்தகையதே. வெப்பம் வெளியேறாதிருக்கத் தொட்டியறையின் வாயில் குனிந்து புகுமாறு தாழ அமைக்கப்பட்டது. உள்ளே இருள் மிகுதி. ஆதலின் புகுவோர், தம் உடல் குளிர்ந்துள்ளது என முன்னறிவித்துப் பொறுத்தருள வேண்டுவர். பிறர் மேனியிற் படாதிருத்தற்கு இச்சொல்லே வேலியாயிற்று.

பால் வேறுபாடும் அழிந்திலது. பல குளிப்பகங்களின் மாடியில் தேநீர் அருந்தவும் பலகையாட்டம் ஆடவும் உரிய கூடம் இருந்தது. அஃது ஆடவர்க்கே உரியது. மகளிர்க்கு அத்தகைய இடமில்லை. ஒரே நீரில் மூழ்கியோர்க்கும் ஓய்வு ஒன்றாக அமையவில்லை என்பது கருதத்தக்கது.

1854-இல் சிமொதாத் துறைமுகத்தில் இருபாலாரும் ஒருங்கு நீராடுதலைக் கண்ட அமெரிக்கக் கப்பற்படையினர், தம் பயண அறிக்கையில் இம்மக்களின் ஒழுக்கத்தையே ஐயுற்றனர். ஆடையின்மையைக் கண்ட அவர்கள், அதனைச் சூழ்ந்து நின்ற நெறியைக் கண்டிலர். அயலார் கண்ணுக்கு நாணிய புதிய அரசு 1872-இல் தோக்கியோவில் கூட்டு நீராட்டையும் தெருவில் ஆடையின்றித் திரிதலையும் குற்றமாக்கியது. மாறியது உடலன்று, அதனை நோக்கிய நோக்கே.

எனவே, ஆடையின்மை சமன்மைக்கும் சான்றன்று, நாணின்மைக்கும் சான்றன்று. ஒரு சமுதாயத்தின் நாணத்தை அளக்கப் புகுவோர், அது எதனை உடுத்தது என்பதோடு, எங்ஙனம் பேசிற்று, எவர்க்கு எவ்விடம் தந்தது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.