‘லேக் வியூ’ அபார்ட்மென்ட்: அந்தக் குளத்தின் கரை எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா?

பிரவுச்சரில் ‘லேக் வியூ’ என்று போட்டிருப்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அது ஏரி இல்லை. மழைநீரைத் தேக்க பில்டரே வெட்டிய குளம். இப்படிக் குளம் வெட்டுவது நல்ல விஷயம்தான். ஆனால் அது உயிருக்கு ஆபத்தா, இல்லையா என்பது பிளான் போடும்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில், குளம் எதுக்கு? ஒரு ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் 33 லோடு வரும். காலி நிலமாக இருந்தவரை அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். கான்கிரீட்டும் தாரும் போட்டபிறகு பெரும்பகுதி சட்டென்று பக்கத்துத் தெருவுக்குப் பாயும். அதைப் பிடித்து வைத்து மெதுவாக வெளியே விடுவதுதான் குளத்தின் வேலை.

செங்குத்துச் சுவர் ஏன்?

இங்கேதான் ரியல் எஸ்டேட் கணக்கு வருகிறது. அந்த 4 லட்சம் லிட்டரை 5 அடி ஆழத்தில் தேக்க வேண்டும். நேராகக் கான்கிரீட் சுவர் எழுப்பினால் 54க்கு 54 அடி இடம் போதும். கரையைச் சரிவாக, அதாவது 1 அடி இறங்க 3 அடி தள்ளிப் போகிற மாதிரி அமைத்தால் 68க்கு 68 அடி வேண்டும். கூடுதலாகச் சுமார் 1,700 சதுர அடி. முக்கால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி. சென்னைப் புறநகரில் அதற்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். செங்குத்துச் சுவர் ஏன் பிடிக்கிறது என்பதும் புரியும்.

ஆனால் பாசி படிந்த நேர்ச் சுவரில் பிடித்து ஏற எதுவும் இல்லை. நீச்சல் தெரிந்த பெரியவரே திணறுவார். சரிவான கரையில் தவறி விழுந்தவர் காலூன்றி எழுந்துவிடலாம். பிரிட்டனில் 2015-ல் வந்த மழைநீர் வடிவமைப்புக் கையேடு, கரை 1-க்கு 3-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் கையேடுகள், நீர்மட்டத்தை ஒட்டி ஆழம் குறைந்த ஒரு தட்டையான திட்டும் விடச் சொல்கின்றன. கோயில் குளத்தின் படிக்கட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஆழம் படிப்படியாகத்தான் கூடும்.

இதெல்லாம் ஓவர் எச்சரிக்கை என்று தோன்றினால் ஒரு தகவல்: 2021-ல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை.

வேலி போட்டுட்டா போதாதா?

போதாது. கேட் திறந்தே கிடக்கும், பந்து உள்ளே போனால் பசங்க ஏறிக் குதிப்பார்கள். உயரமான, அடைப்பான வேலி என்றால் உள்ளே விழுந்தவரை வெளியிலிருந்து யாரும் பார்க்கவே முடியாது. விளையாட்டு இடத்தை ஒட்டிய பக்கம் சின்னக் குழந்தைகளைத் தடுக்க வேலி அவசியம்தான். ஆனால் சரிவுக்கு அது மாற்று இல்லை.

நம் கண்ணில் படாத ஆபத்து, தண்ணீர் வெளியேறும் குழாய். குளம் நிரம்பியிருக்கும்போது அதன் வாயில் இழுவிசை அதிகம், ஆளையே இழுத்துவிடும். வாயில் ஒட்டினாற்போல ஒரு கம்பி வலை வைத்தால், அந்த வலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குழாய் வாயைவிடப் பல மடங்கு அகலமான சாய்வுக் கிரில் வேண்டும். அப்போதுதான் கம்பிகளுக்கு இடையே நீரின் வேகம் குறையும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. நம் 4 லட்சம் லிட்டர் குளம் அதற்கு எந்த மூலைக்கு? அதனால்தான் ஏரிகளுக்குக் கலங்கல் வைத்தார்கள். உபரி நீர் எங்கே, யார் வீட்டுப் பக்கம் போகும் என்பதும் பிளானில் இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் பகுதிகளில் இன்னொரு சிக்கல்: வடகிழக்குப் பருவமழை பாதி முடிவதற்குள் குளம் அடியிலிருந்தே ஊறி நிரம்பிவிடும், அடுத்த மழைக்கு இடம் இருக்காது.

புக்கிங் பணம் கட்டும் முன் ஒப்புதல் பெற்ற வரைபடத்தோடு குளத்தின் குறுக்குவெட்டுப் படத்தையும் கேளுங்கள். சரிவு, ஆழம், கிரில், உபரி நீர் வழி நாலும் அதில் தெரியும். ஏற்கெனவே குடிவந்தவர்கள் என்றால், செப்டம்பருக்குள் கிரில்லைச் சுத்தம் செய்வது யார் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் எழுதி வைத்துவிடுங்கள். கரையில் நின்றபடியே குப்பையை வாரும்படி அது அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், கொட்டும் மழையில் அடைப்பெடுக்க வாட்ச்மேன் அண்ணனைத்தான் குளத்துக்குள் இறக்குவார்கள்.