ஏற்காட்டுக் காப்பி: மலை தந்த ருசியும் வணிகர் காக்கும் பெயரும்



"ஏங்க, இது ஏற்காட்டுக் கொட்டைதானுங்களா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். "ஆமாங்க" என்கிறோம். அந்தக் கொட்டைக்கு அப்படி என்ன விசேஷம் என்று அவர் அடுத்துக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நெடுங்காலம் காப்பிக்கொட்டை மொத்த வியாபாரம் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அதைப் பயிரிட்டார் என்பது வரலாறு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். அந்தக் குளிர்ச்சியில் அராபிகா பழம் நிதானமாகப் பழுக்கிறது. கொட்டை இறுகிக் கனக்கிறது, மணம் கூடுகிறது. சரிவான நிலமாதலால் வேரில் தண்ணீர் தேங்குவதில்லை. சில்வர் ஓக் மரங்கள் நிழல் தருகின்றன; அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறுகிறது. மண், உயரம், மழை, நிழல், விவசாயியின் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்ததுதான் ருசி. திராட்சை ரசம் செய்யும் பிரெஞ்சுக்காரர்கள் இதை 'டெர்வார்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

போர்ச்சுகல் நாட்டில் டோரு ஆற்றை ஒட்டிய மலைச்சரிவுகளில் கல்சுவர் எழுப்பி, படிப்படியாகத் திராட்சை பயிரிடுகிறார்கள். உலகப் புகழ்பெற்ற போர்ட் ஒயின் அங்கே விளைவதுதான். கிராக்கி ஏறியதும் சிலர் வேற்றூர்ச் சரக்கைக் கலந்தார்கள். நிறத்துக்காக வேறு பழச்சாறும் சேர்த்தார்கள். பெயர் கெட்டு வியாபாரம் சரிந்தது. 1756-ல் அரசாங்கம் அந்தப் பிரதேசத்துக்கு எல்லை வகுத்து, பின்னர் கருங்கல் தூண்களையும் நட்டது. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் அமலுக்கு வந்தது. 2019-ல் குடகு, சிக்மகளூர் காப்பிகளும், 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சையும் நமது சேலம் ஜவ்வரிசியும் அந்தக் குறியீட்டைப் பெற்றன.

1990-களின் தொடக்கம் வரை காப்பிக்கொட்டை காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்ந்து ஏலத்துக்கு வந்தது. 1996-க்குள் எல்லா விவசாயிகளுக்கும் நேரடியாக விற்கும் உரிமை கிடைத்தது. அதோடு மலையின் பெயரைக் காக்கும் பொறுப்பும் நம் கைக்கு வந்தது.

அதில் நான் ஒருமுறை தவறினேன். வரத்துக் குறைந்த ஒரு பருவத்தில் வேறு கொட்டையைக் கலந்து, ஏற்காடு என்றே பில் போட்டேன். வாடிக்கையாக வாங்கும் மெஸ்காரர் மூன்றாம் நாள் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். திட்டவில்லை, ஆனால் அதற்குப் பின் எங்கள் கடைப்படி ஏறவும் இல்லை. அந்த மூட்டையில் கிடைத்திருக்கக்கூடிய லாபம் அற்பம். போனதோ பல வருட வியாபாரம்.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

கொள்முதலின்போது எந்தத் தோட்டம், எந்தப் பருவம் என்று கேட்டு மூட்டையில் எழுதி வையுங்கள். அராபிகா கொட்டை சற்று நீளமாக, நடுக்கோடு வளைந்திருக்கும். ராபஸ்டா உருண்டையாக, கோடு நேராக இருக்கும்.

காப்பி பிற வாசனைகளை எளிதில் இழுத்துக்கொள்ளும். மிளகாய், பெருங்காயம், சோப்பு பக்கத்தில் அடுக்காதீர்கள்.

கலப்பது குற்றமல்ல, மறைப்பதே குற்றம். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விகிதத்தை லேபிளில் காட்ட வேண்டும். ராபஸ்டா கலந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலைக்கேற்ற சரக்கு என்றால் வாடிக்கையாளர் மனமொப்பியே வாங்குவார்.

டோருவில் எல்லைக்குக் கருங்கல் தூண் நட்டார்கள். ஏற்காட்டுக் காப்பிக்கு நம் கடையில் போடும் பில்தான் எல்லைக்கல். அதில் எழுதும் பெயர் உண்மையாக இருக்கட்டும்.