சவுடு என்றொரு சொல்: மண்ணின் அளவும் மண்ணின் பெயரும்

2019 கோடையில் திருச்சுழி போகிற சாலையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தார்ப்பாய் மூடிய டிப்பர் லாரியொன்று ரோடெல்லாம் தண்ணீர் சொட்டியபடி கடந்து போயிற்று. சீட்டில் சவுடு என்றுதான் எழுதியிருக்கும் என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். "பேப்பர்லதான் தம்பி சவுடு. லாரில போறது மணலு. சவுட்டுல எங்க இப்பிடித் தண்ணி சொட்டும்?"

பெரியவர் சொன்னது ஒரு சோதனை. பருமணலின் இடுக்குகள் பெரியவை, தண்ணீர் நிற்காது. பொடியும் களியும் கலந்த சவுடு தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதாவது அவர் துகளின் அளவைப் பற்றித்தான் பேசினார், மில்லிமீட்டர் இல்லாமல். மணல் எந்த இடத்தில் மணலாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது, அந்தக் கோட்டைப் போட்டது யார் என்பதே இங்கு நம் கேள்வி. (ஃபூக்கோவை இழுக்காமல் சிறுபத்திரிகையில் வகைப்பாடு பற்றி எழுத முடியாது என்பார்கள். சீனக் கலைக்களஞ்சியத்தைப் படித்து அவர் சிரித்த கதை நமக்குப் பழகிப்போனது, ஆகவே விட்டுவிடுகிறேன்.)

நிலவியலாளர்கள் இன்றும் கையாளுகிற அளவுகோலின் அடிப்படையை 1898இல் அமெரிக்காவில் யோஹன் அடன் அமைத்தார். காற்று கொண்டுவந்து குவித்த படிவுகளை ஆராய்ந்தவர் அவர். ஒவ்வொரு எல்லையும் முந்தையதைப்போல் இரு மடங்கு என்பது அவரது ஏற்பாடு. 1922இல் செஸ்டர் வென்ட்வொர்த் அதைத் திருத்தி, அன்றாட ஆங்கிலச் சொற்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினார். 256 மி.மீ.க்கு மேலே பாறாங்கல். அங்கிருந்து 64 வரை உருட்டுக்கல். 4 வரை கூழாங்கல். 4க்கும் 2க்கும் இடையே குறுணிக்கல். 2 மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ.யில் பதினாறில் ஒரு பங்கு வரை மணல். அதற்குக் கீழே 256இல் ஒரு பங்கு வரை வண்டல், இன்னும் கீழே போனால் களி. 1934இல் க்ரும்பைன் இந்த இரட்டிப்புகளை மடக்கை எண்களாக்கி ஃபை அளவுகோல் என்று பெயரிட்டார்.

இது இயற்கையின் கோடு அல்ல. 2.1 மி.மீ. குருணைக்குத் தான் மணல் அல்ல என்பது தெரியாது. வேடிக்கை என்னவென்றால் கோடு போட்டவர்களும் ஒத்துப்போகவில்லை. ஸ்வீடனின் வேதியியலாளர் அட்டர்பெர்க், மண் தண்ணீரை எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதை வைத்து 2, 0.2, 0.02, 0.002 என்று பிரித்தார். விவசாய விஞ்ஞானிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். இந்தியத் தர நிறுவனத்தின் 1970ஆம் ஆண்டு மண் வகைப்பாடு (ஐ.எஸ். 1498) பொறியாளர்களுக்கானது. அதில் மணல் என்பது 4.75 மி.மீ.யிலிருந்து 0.075 வரை, இரண்டுமே சல்லடைக் கண்ணின் அளவுகள். ஆக 3 மி.மீ. துகள் ஒன்று நிலவியலாளருக்குக் குறுணிக்கல், வேளாண் அதிகாரிக்குச் சரளை, பொதுப்பணித் துறைக்கு மணல். பொருள் ஒன்றே, அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது.

நம் கரிசலுக்கு வந்தால் சல்லடையே தோற்றுப்போகிறது. கரிசலின் களித் துகள்களைப் பிரிக்கிற கண்ணுள்ள சல்லடை கிடையாது. தண்ணீரில் கரைத்து, எவ்வளவு நேரத்தில் அடியில் படிகிறது என்று பார்த்துத்தான் அளவைக் கணக்கிட முடியும். தவிர, அளவு மட்டும் கரிசலை விளக்கிவிடாது. மழையில் ஊதி, வெயிலில் சுருங்கிக் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கிறதே, அது அதிலுள்ள களிக் கனிமத்தின் குணம். அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரி கரிசல், செவல், சரளை, கரம்பை என்று சொல்லும்போது அளவு, நிறம், ஈரம், விளைச்சல் எல்லாம் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கரம்பை என்றால் கண்மாயில் படிந்த நுண்மண் மட்டுமில்லை, வண்டி கட்டி அள்ளி வயலில் போட வேண்டிய மண் என்கிற வேலையும் அந்தச் சொல்லில் சேர்ந்திருக்கிறது.

ஓடும் தண்ணீரும் பிரித்துப் போடுகிறது. வேகம் குறையக் குறைய முதலில் கல், பிறகு பருமணல், கடைசியில் வண்டல். குண்டாற்றில் வெள்ளம் வடிந்த பிறகு நடந்து பார்த்தால் இந்த வரிசையைக் காலே சொல்லும். ஆனால் அரிப்பில் வரிசை மாறுகிறது. யூல்ஸ்ட்ரோம் 1935இல் காட்டியபடி நீரோட்டம் எளிதில் பெயர்ப்பது நடுத்தர மணலை. அதைவிடப் பொடியான களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பெயர்க்கக் கூடுதல் வேகம் வேண்டும். (கவிஞர்கள் உடனே இதை உவமையாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

வகைப்பாடு கூலியாகவும் வரியாகவும் மாறுகிற இடங்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் செட்டில்மென்ட் அதிகாரிகள் நிலத்தைக் கரிசல், செவல் என்றும், ஒவ்வொன்றையும் களி, இருபொறை, மணல் என்றும் பிரித்தது தீர்வை போடத்தான். இன்று கிரஷரில் முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி, சிப்ஸ், டஸ்ட் என்று அளவுக்கொரு விலை. தர நிர்ணயம் 20 மி.மீ., 40 மி.மீ. என்கிறது, வாய் இன்னும் அங்குலத்தில்தான் பேசுகிறது. அந்தக் கல்லுக்காக 2024 மே 1 அன்று, மே தினத்தன்று, காரியாபட்டி பக்கம் ஆவியூர் கல்குவாரியில் வெடிபொருள் வெடித்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

சவுடுக்குத் திரும்புவோம். கனிம விதிகளில் மணலுக்குக் கெடுபிடி அதிகம், சவுடுக்குக் குறைவு. இந்த இடைவெளிதான் தொழில். மேலே இரண்டடி சவுடு, கீழே ஆற்று மணல். அனுமதி மேலுள்ளதற்கு, அள்ளுவது கீழுள்ளதை. ராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து வழக்குகள் குவிந்த பிறகு, சவுடு போன்ற பொத்தாம்பொதுவான பெயரில் அனுமதி தரக் கூடாது, மண்ணில் என்ன இருக்கிறதென்று ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே தர வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உத்தரவு தேவையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது ஒரு வட்டாரச் சொல் என்பது உறுத்துகிறது. சவுடுக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஊரில் யாருமில்லை. தெரியாததுபோல் நடித்தது சீட்டு.

ஆய்வுக்கூடம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத நண்பர்களுக்கு ஒரு வழி. லாரி ஏற்றிய குழியிலிருந்து ஒரு கை மண் எடுங்கள். நேரான கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைச் சோடா. நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்தது மணல். அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் வண்டல் படிய ஏழெட்டு மணி நேரம் ஆகும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும்.