மூன்று கிலோமீட்டர் மகிழ்ச்சி

தமிழ்நாட்டு நாளிதழ்களில் பிச்சாட்டூர் என்ற பெயர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில்தான் இடம்பெறும். ஏரி நிரம்பிவிட்டது, உபரிநீர் திறக்கப்படுகிறது, ஆரணி ஆற்றின் கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரிப் பகுதி வாசகர்களுக்குப் பழகிய செய்தி. சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டத்திற்கு மாறிய இவ்வூரில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும். மழைக்காலம் கழிந்தபின் ஏரியைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆயினும் ஏரிக்கரை நாள்தோறும் விடியற்காலை ஐந்தரை மணிக்கே விழித்துக்கொள்கிறது.

அந்நேரத்தில் அங்கு ஓடுபவர்கள் உடல்நலம் கருதி ஓடுபவர்கள் அல்லர். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள். ஆந்திரக் காவலர் தேர்வில் ஆண்கள் 1600 மீட்டரை 8 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். ஒரு விநாடி கூடினாலும் அவ்வாண்டு வாய்ப்பு போயிற்று. எனவே அவர்கள் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தவாறே ஓடுகிறார்கள். ஓடி முடித்ததும் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இராது. எத்தனை விநாடி என்ற கேள்வி மட்டுமே இருக்கும். குடும்பத்தின் முதல் மாதச் சம்பளம் அந்தக் கரையின் மறுமுனையில் காத்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களைக் குறை கூற மாட்டார்கள்.

இவ்வூர்க் கிளைக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. பெருநகரில் பணியாற்றிய காலத்தில் நானும் நேரம் பார்த்தே ஓடியவன். பதினாறு வாரப் பயிற்சி அட்டவணை, கையில் செயற்கைக்கோள் கடிகாரம், ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம் என்று இருபத்தொரு கிலோமீட்டர் அரை மராத்தானை இருமுறை நிறைவு செய்தேன். பதக்கங்கள் கிடைத்தன. ஆனால் காலாண்டு இறுதியில் அலுவலகத்தில் எட்ட வேண்டிய இலக்குகள் போதாவென்று, காலை ஐந்து மணிக்கும் ஓர் இலக்கு வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தொடங்கியதும் ஓட்டத்தை நிறுத்தினேன். அதில் வருத்தத்தைவிட நிம்மதியே மிகுதி.

வணிகவியல் பயின்றோர் அனைவரும் முதலாண்டுப் பொருளியலில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைப் படித்திருப்போம். பசித்தவனுக்கு முதல் இட்லி தரும் இன்பத்தை ஏழாவது இட்லி தருவதில்லை. ஓட்டத்திற்கும் இவ்விதி பொருந்தும் என்பது என் அனுபவம். முதல் கிலோமீட்டரில் உடல் முணுமுணுக்கும். இரண்டாவதில் மூச்சு சீராகும். மூன்றாவதும் நான்காவதும் அமுதம். பதினான்காவது கிலோமீட்டரில் எஞ்சியிருப்பது பிடிவாதம் மட்டுமே. அந்தப் பிடிவாதத்தையே விரும்புவோர் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். எனக்கு நான்காவது கிலோமீட்டர் போதும்.

அதை எனக்கு உணர்த்தியது ஒரு சங்கராந்தி ஓட்டம். பொங்கலையொட்டிக் கோலப்போட்டி, உறியடி, சாக்கு ஓட்டம் ஆகியவற்றுடன் ஊர் இளைஞர்கள் 3 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றையும் நடத்தினர். சுவரொட்டியில் 'மினி மராத்தான்' என்று அச்சிட்டிருந்தார்கள். மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர், 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தொலைவே 1921இல் அதிகாரபூர்வ அளவாக உறுதி செய்யப்பட்டது. நம் ஊர்களிலோ இரண்டு தெரு ஓடினாலும் மராத்தான்தான். இதைத் திருத்த முனைவது வீண்வேலை.

நுழைவுக் கட்டணம் இல்லை. மார்பில் குத்தும் எண்ணட்டையும் இல்லை. சாலையில் சுண்ணாம்புக் கோடு, ஒரு விசில், வழியில் தண்ணீர் வைத்த இரண்டு மேசைகள். முதல் பரிசு எவர்சில்வர் அண்டா. பள்ளிப் பிள்ளைகள், பால் சங்கத்துக்காரர், சேலையை இழுத்துச் செருகிய சுய உதவிக் குழுப் பெண்கள் மூவர், காவலர் தேர்வு இளைஞர்கள் ஆகியோருடன் நானும் நின்றேன். "மேனேஜர் சார், கடனை வசூல் பண்ணத் துரத்துறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோட்டருகே நின்ற அனைவரும் சிரித்தனர். விசில் சத்தம் அந்தச் சிரிப்பிலேயே கரைந்துபோனது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெறுங்காலுடன் என்னைக் கடந்து சென்றாள். கரும்புத் தோட்டத்தருகே பால் சங்கத்துக்காரரை நான் கடந்தேன். திரும்பும் வழியில் அவர் என்னைக் கடந்தார். என்னைக் கவர்ந்த காட்சி வேறொன்று. முந்தைய தேர்வில் சில விநாடிகளில் வாய்ப்பை இழந்த இளைஞர் ஒருவரைக் கரையில் நாள்தோறும் காண்பேன், புன்னகைத்துப் பார்த்ததில்லை. முதல் மூவரில் வரக்கூடிய அவர், அன்று தம் பத்து வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கும் பின்னால் ஓடி வந்தார். தம்பி நின்றபோதெல்லாம் அவரும் நின்றார். கோட்டைத் தொட்டதும் இருவரும் மூச்சு வாங்கியபடி வாய்விட்டுச் சிரித்தார்கள். நேரத்தைக் குறித்தவர் எவருமில்லை. மறுநாள் காலை அவர் மீண்டும் 8 நிமிடக் கணக்குக்குத் திரும்பிவிட்டார், திரும்பித்தானே ஆகவேண்டும்.

இத்தகைய சிற்றோட்டத்தை ஓர் ஏற்பாடாகவே வளர்த்தவர்கள் உண்டு. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இலண்டன் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் 13 பேருடன் 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார். 'பார்க்ரன்' எனப் பெயர் பெற்ற அது இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாரந்தோறும் கட்டணமின்றி நடைபெறுகிறது. அதில் எனக்குப் பிடித்த நடைமுறை ஒன்று: தன்னார்வலர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக வந்தவர் என்ற பெயர் எப்போதும் அவருக்கே உரியது.

குறைந்த ஓட்டத்தால் உடலுக்குப் பயன் உண்டா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஓடுபவர்களிடையே இதயநோய் சார்ந்த இறப்பு அபாயம் ஓடாதவர்களைவிட 45 விழுக்காடு குறைவாக இருந்தது. நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடங்கள் மெதுவாக ஓடியோரிடமும் குறிப்பிடத்தக்க பயன் காணப்பட்டது. சிறு தொகையைத் தவறாமல் செலுத்தும் தொடர்வைப்புக் கணக்கு நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

முதுமையும் தடையன்று. எண்பது வயதைக் கடந்தபின் ஓட்டத்தைத் தீவிரமாக மேற்கொண்ட ஃபௌஜா சிங், 2011இல் தம் நூறாவது வயதில் டொரான்டோ மராத்தானை நிறைவு செய்தார். 2013 பிப்ரவரியில் ஹாங்காங்கில் அவர் தம் கடைசிப் போட்டியாகத் தேர்ந்தது 10 கிலோமீட்டர் ஓட்டத்தை.

தொடங்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஓரிரு சொற்கள். நாற்பதைக் கடந்தவர்கள், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கண்டபின் தொடங்குவதே முறை. ஓடும்போது பக்கத்தில் வருபவருடன் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். ஒரு நிமிடம் ஓடி இரு நிமிடம் நடப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு எட்டு முதல் பத்து வாரங்கள் போதும்.

ஓட்டங்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. பெங்களூருவில் 2008 முதல் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டம் நாடறிந்தது. அக்டோபர் 31இல் பட்டேல் பிறந்தநாள் ஒற்றுமை ஓட்டம் 2014 முதல் பல ஊர்களில் நடைபெறுகிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மராத்தான் நடத்துகிறது; பெண்களுக்கு 5 கிலோமீட்டர், இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். செல்வோர் ஆதார் அட்டையுடன் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலையும் கொண்டு செல்ல வேண்டும்; பரிசுத் தொகை கணக்கில்தான் வரவு வைக்கப்படும். எங்கள் சங்கராந்தி ஓட்டத்தில் இன்னும் அண்டாதான்.