மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?



கணபதியில் ஒரு லைன் வீட்டில் நம் குழு நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒரு உறுப்பினர் வீட்டில் கூட்டம். தன் முறை வந்தபோது ஒரு அக்கா, "இந்த மாசம் என்ற வீட்டுல வேண்டாமுங்க மேடம்" என்றார். காரணம் சொல்லவில்லை. அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்தனுப்பினார். நேரில் போய்ப் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"வீடெல்லாம் மூட்டைப்பூச்சிங்க. பொண்ணு ராத்திரி தூங்கறதே இல்லீங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிருமுங்க. தானியத்துக்கு வெக்கற மாத்திரை ஒண்ணு வாங்கி ரூமுக்குள்ள வெச்சரலாம்னு இருக்கறனுங்க."

அந்த மாத்திரைப் பேச்சைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வெட்கத்தை விடுவோம்

மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. நம் ரத்தத்தைத் தேடி வருகிறது. 2023-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்திலேயே ரயிலிலும் சினிமா தியேட்டரிலும் மூட்டைப்பூச்சி என்று பெரிய பரபரப்பு ஆனது. அதே ஆண்டு தென் கொரியாவிலும் அரசாங்கம் இதற்காகத் தனி நடவடிக்கை எடுத்தது.

இதற்கு இறக்கை இல்லை, குதிக்கவும் தெரியாது. பை, பெட்டி, துணி மூட்டை, செகண்ட் ஹேண்ட் கட்டில், மெத்தை இவற்றில் ஒட்டிக்கொண்டுதான் வரும். "வடக்கத்திப் பசங்க கொண்டாந்ததுங்க" என்று பட்டறையில் வேலை செய்யும் தொழிலாளர்கள் மேல் பழி போடுவதைக் கேட்கிறேன். கோயிலுக்குப் போய் விடுதியில் தங்கிவிட்டு வந்த நம் பையிலும் அது வந்திருக்கலாம் அல்லவா?

எப்படிக் கண்டுபிடிப்பது?

வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும். தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். முட்டை வெள்ளை ரவை போல இருக்கும். மெத்தைத் தையல், கட்டில் மூட்டு, சுவர் விரிசல், காலண்டர் பின்புறம், சுவிட்சு பெட்டி ஓரம் இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மை வைத்தது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அங்கே பூச்சி இருக்கிறது.

கடித்தால் என்ன செய்வது?

கடித்த இடம் சிவந்து தடிக்கும், அரிக்கும். பல சமயம் வரிசையாக மூன்று நான்கு தடிப்புகள் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே பாயில் படுத்தும் ஒருவருக்கு மட்டும் தடிப்பு வருவது இதனால்தான்.

* சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈரத்துணியால் ஒத்தடம் கொடுங்கள்.
* கேலமைன் லோஷன் தடவினால் அரிப்பு குறையும்.
* அரிப்பு தாங்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மாத்திரை வாங்குங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.
* குழந்தையின் நகத்தை வெட்டி விடுங்கள். சொறிந்து புண்ணாகி, சீழ் வைத்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.
* சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தோலில் தடவக் கூடாது.
* முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

விரல் இடுக்கில் அரிப்பு, வீட்டில் ஒவ்வொருவராக அரிப்பு என்றால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பரவுமா என்று கேட்கிறீர்கள். மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு இந்த நோய்கள் பரவியதாக நிரூபணம் இல்லை. பயப்பட வேண்டாம்.

விரட்டுவது எப்படி?

இதற்கு நல்ல ஆயுதம் சூடு. 50 டிகிரி சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும்.

1. போர்வை, தலையணை உறை, துணி எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துத் துவையுங்கள். சூடு தாங்கும் துணி என்றால் அயர்ன் பண்ணுங்கள்.
2. கட்டிலை வெளியே போட்டு, மூட்டு, ஓட்டைகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.
3. மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது. பூச்சி உள்ளே ஒளிந்துகொள்ளும். தையல் ஓரங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கிழியாத பிளாஸ்டிக் உறை போட்டு மூடுங்கள்.
4. சுவர் விரிசலைச் சிமெண்டு வைத்து அடையுங்கள்.
5. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். கட்டில் காலை வழவழப்பான கிண்ணத்தில் வையுங்கள். அதில் பூச்சியால் ஏற முடியாது.
6. பத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடியும் எல்லாம் செய்யுங்கள். முட்டை பொரிக்கச் சுமார் பத்து நாள் ஆகும். இதை விட்டால் முதல் உழைப்பெல்லாம் வீண்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

உயிரைக் குடிக்கும் மாத்திரை

தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் விஷ வாயுவாக மாறும். இதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பக்கத்து வீட்டில் பூச்சிக்கு வைத்த இந்த மருந்தின் வாயு கசிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2024 நவம்பரில், சென்னை அருகே குன்றத்தூரில், எலிக்கு வைத்த மருந்தால் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்து வேறாக இருக்கலாம், பாடம் ஒன்றுதான். படுக்கிற அறையில் விஷம் வைக்கக் கூடாது.

பயிருக்கு அடிக்கும் மருந்தும், மண்ணெண்ணெயும் வீட்டுக்குள் வேண்டாம். கொசு ஸ்ப்ரேக்குப் பல மூட்டைப்பூச்சி இப்போது சாவதில்லை. மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தனியாக முடியாது, குழுவாக முடியும்

லைன் வீட்டில் ஒரு வீடு மட்டும் சுத்தம் செய்தால் பூச்சி அடுத்த வீட்டுக்குப் போய், திரும்பி வரும். அந்த அக்காவின் லைனில் ஆறு வீடும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கட்டிலை வெளியே போட்டன. பெரிய அண்டாவில் எல்லோருக்கும் சேர்த்துத் தண்ணீர் காய்ந்தது. மூன்று முறை செய்த பிறகுதான் பூச்சி ஒழிந்தது. விஷயத்தை முதலில் மூன்றாவது வீட்டுக்காரம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "எங்க வீட்டுலயும் இருக்குதுங்கக்கா. உங்களுக்குத் தெரிஞ்சுருமோன்னுதான் சொல்லாம இருந்தேன்."

அடுத்த கூட்டம் அந்த அக்கா வீட்டில்தான் நடந்தது. இதை உங்கள் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். யாராவது ஒருவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய் வாருங்கள்.